சோர்வு குற்றமாகுமோ?

காலையில் எழுந்தவுடன் ஒருத்தி தெளிவாய்ப் பேசுகின்றாள்; நீர் எடுக்கின்றாள்; அடுப்பு மூட்டுகின்றாள்; பிள்ளைக்குத் தலை வாரிப் பின்னுகின்றாள். நண்பகல் கடந்தபின் சீப்பைப் பிடித்த கை தலைக்கு மேல் நிற்பதில்லை. மாலை வந்ததும் கண்ணிமை தானே இறங்குகின்றது. எதிரே நிற்கும் ஒருவர் இருவராய்த் தோன்றுகின்றார். உணவை மெல்லத் தொடங்கினால் பாதியில் தாடை அயர்கின்றது. கையால் முகவாயைத் தாங்கிக்கொண்டு மெல்ல வேண்டியிருக்கின்றது. குரல் மூக்கின் வழியாய்க் குழறி வருகின்றது. இரவு உறங்கி விழித்தால் மறுநாட் காலையில் பழையபடி நலமாய் இருக்கின்றாள். இவ்வாறு மாதக்கணக்கில் நடந்தால் வீட்டார் என்ன சொல்வர்? "காலையில் முடிந்த வேலை மாலையில் ஏன் முடியவில்லை? வேலையைக் கண்டால் வரும் நோய் இது" என்பர். அயலார் இன்னும் ஒரு சொல் சேர்த்துச் சொல்வர்.

அன்பர்களே, இப்படியும் ஒரு நோய் உண்டு. மருத்துவர் அதனை மயஸ்தீனியா கிராவிஸ் என்று அழைக்கின்றனர். கிரேக்கத்திலிருந்தும் இலத்தீனிலிருந்தும் எடுத்துக் கோத்த பெயர். கடுமையான தசைத்தளர்ச்சி என்பது அதன் பொருள். நாம் இக்கட்டுரையில் அதனைத் தசைச்சோர்வு நோய் என்றே குறிப்போம். அரிய நோய்தான். மேலை நாடுகளின் கணக்குகளின்படி பத்து இலட்சம் மக்களில் ஏறக்குறைய 150 முதல் 250 பேருக்கு இஃது இருக்கின்றது. அதே அளவே நம் நாட்டிலும் என்று வைத்துக்கொண்டால், 140 கோடிக்கு மேற்பட்ட மக்களில் குறைந்தது இரண்டு இலட்சம் பேராவர். அரிது என்னும் சொல்லுக்குள் இத்தனை பேர் அடங்கியிருக்கின்றனர்.

நாம் மருத்துவர் அல்லோம். மருந்து சொல்வதற்காக இதனை எழுதவும் இல்லை. இந்நோயுடையார் எவ்வயதினர், ஆணா பெண்ணா, என்ன வேலை செய்தனர், அவ்வேலை என்னாயிற்று என்று மருத்துவர்கள் எடுத்து வைத்திருக்கும் கணக்குகளின் ஊடே ஓர் அறக்கேள்வி நிற்கின்றது. பிறருடைய சோர்வை அளந்து, இது மெய், இது பொய் என்று தீர்ப்புக் கூற நமக்குள்ள உரிமை யாது? அக்கேள்விக்காகவே எழுதுகின்றோம்.

முதலில் நோயின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். நாம் கையை உயர்த்த எண்ணியவுடன் அவ்வேவல் நரம்பின் வழியே ஓடித் தசையின் வாயிலை அடைகின்றது. அங்கே நரம்பின் முனை அசிட்டைல்கோலின் என்னும் ஒரு பொருளைச் சிந்துகின்றது. தசையின் மேற்புறத்தில் அதனை ஏற்கும் ஏற்பிகள் பல உள. சிந்திய பொருள் அவற்றைச் சென்று பற்றினால்தான் தசை சுருங்கும். நோய்க்கிருமிகளை எதிர்ப்பதற்கென்று நம் குருதியில் எதிர்ப்பொருள்கள் தோன்றுகின்றன அல்லவா? இந்நோயில் அவ்வெதிர்ப்பொருள்கள் ஆள் தெரியாமல் அந்த ஏற்பிகளையே பகையெனக் கொண்டு அடைத்தும் அழித்தும் விடுகின்றன. தொடக்கத்தில் சில முறை ஏவல் உள்ளே செல்கின்றது. தொடர்ந்து ஏவினால், நரம்பு சிந்தும் பொருளின் அளவு முறைக்குமுறை குறைவதால், ஏவல் வாயிலிலேயே நின்றுவிடுகின்றது. ஓய்வு கொடுத்தால் மீண்டும் செல்கின்றது. 1973இல் ஜிம் பாட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ராம் என்னும் இரு ஆய்வாளர், மின்விலாங்கின் உடலிலிருந்து இவ்வேற்பியைப் பிரித்தெடுத்து முயல்களுக்கு ஊசி வழியே செலுத்தினர். முயலின் உடல் அதற்கு எதிர்ப்பொருள் செய்தது. அதே எதிர்ப்பொருள் முயலின் சொந்தத் தசையையும் தாக்கிற்று. முயல்கள் தளர்ந்து விழுந்தன. அந்த முயல்களைச் சோம்பல் பிடித்தவை என்று எவரும் சொல்லவில்லை.

மனிதர் செய்தி அவ்வாறில்லை. இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்னும் மருத்துவர், விலங்குகளின் உயிரைப் பற்றி 1672இல் இலத்தீனில் வெளியிட்ட நூலொன்றில், தம்மிடம் மருத்துவம் பெற்றுவந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகின்றார். அவள் நெடுநேரம் பேசினால் வாயடைத்துப் போகும். ஓரிரு மணி நேரம் சென்ற பின்னரே பேச்சுத் திரும்பும். இந்நோயைப் பற்றிய முதற்குறிப்பு இதுவே என்று பலர் கொள்கின்றனர். வில்லிஸ் அவளை அறிமுகஞ் செய்யும்போதே, அறிவும் நேர்மையும் உடையவள் என்று சொல்லித் தொடங்குகின்றார். காய்ச்சல் கண்டவனைப் பற்றி எழுதும் மருத்துவர், அவன் நேர்மையானவன் என்று சான்று கொடுப்பதுண்டோ? இந்நோயைச் சொல்வதற்கு முன் நோயாளியின் ஒழுக்கத்திற்கு ஒருவர் பிணை நிற்க வேண்டியிருந்தது போலும். அவர் அந்நோய்க்கு இட்ட பெயரோ போலி வாதம் என்பது. மெய்யான வாதத்தைப் போலக் கைகால் ஒரேயடியாய் விழுந்துவிடாமல், தளர்ச்சி வந்தும் போயும் இருத்தலால் அப்படிப் பெயரிட்டார். அவள் நடிக்கின்றாள் என்று அவர் கருதவில்லை. எனினும் போலி என்னும் சொல் போலி என்னும் சொல்தானே. 1895இல் பெர்லினில் ஃபிரெடரிக் யோலி என்பவர் இன்று வழங்கும் பெயரைச் சூட்டியபோதும், போலி வாதம் என்று பொருள்படும் ஒரு வாலை அதனோடு ஒட்டியே வைத்தார். பின்வந்த மருத்துவர்கள் அந்த வாலை நறுக்கிவிட்டனர். வீட்டிலும் வேலையிடத்திலும் அஃது இன்னும் தொங்கிக்கொண்டிருக்கின்றது.

இதே யோலி நமக்கு மிகவும் வேண்டிய ஒரு சோதனையையும் செய்து வைத்தார். நோயாளியைக் கையை அசை என்று கேட்காமல், மின்னோட்டத்தைச் செலுத்தித் தசையை மீண்டும் மீண்டும் இயக்கினார். இங்கே நோயாளியின் விருப்பு வெறுப்புக்கு இடமே இல்லை, ஏவுவது மின்சாரம். அப்படியிருந்தும் தசையின் சுருக்கம் வரவரக் குறைந்தது. ஓய்வுக்குப் பின் திரும்பிற்று. வேலை செய்ய மனமில்லாதவன் என்று மின்சாரத்தையா குற்றம் சாட்டுவது? இன்றும் மருத்துவமனைகளில் நரம்பை நொடிக்கு இரண்டு மூன்று முறை மின்னால் ஏவி, தசையின் எழுச்சி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றதா என்று பார்க்கின்றனர். அவ்வழி யோலியின் வழியே.

இனிக் கணக்குகளுக்கு வருவோம். இந்நோய் எவ்வயதிலும் வரும். ஆனால் இரண்டு இடங்களில் குவிகின்றது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஐம்பது வயதுக்குட்பட்ட நோயாளிகளில், ஆண் ஒருவருக்குப் பெண் மூவர் என்னும் அளவில் இளம்பெண்களே மிகுதி. ஐம்பது அறுபதைக் கடந்தோரில் ஆண்கள் மிகுதி. சீனம் முதலிய கீழை நாடுகளில் பிள்ளைப்பருவத்திலேயே தொடங்குவதும், கண்ணளவில் நின்றுவிடுவதும் பெருகக் காணப்படுகின்றன. இளம்பெண்ணும் முதிய ஆணும் என்னும் இவ்விரு சாராருடைய சோர்வுக்கும் உலகம் முன்கூட்டியே விடை எழுதி வைத்திருக்கின்றது. பெண் என்றால் மனக்கலக்கம். முதியவர் என்றால் மூப்பு. குருதியிலுள்ள எதிர்ப்பொருளைச் சோதித்தறியும் வழி வந்த பின்னரே, வயதாகிவிட்டது என்று விடப்பட்ட முதியோர் பலர் நோயாளிகளின் வரிசையில் எண்ணப்பட்டனர். பெண்களைப் பொறுத்தவரையில், நோய் இன்னதென்று தெரிவதற்கு ஆண்களைவிட அவர்களுக்குக் காலம் நீள்கின்றது என்று ஆய்வுகள் கூறுகின்றன. இடைப்பட்ட அக்காலத்தில் அவர்கள் என்ன பெயர் பெற்றிருப்பர் என்பதை எந்த ஆய்வும் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டுக் கணக்கு ஒன்றைப் பாருங்கள். மும்பை மருத்துவர் சிலர் தாம் கண்ட 841 நோயாளிகளைப் பற்றி 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்களுள் ஆண்கள் 611 பேர். பெண்கள் 230 பேர். நோய் தொடங்கிய நடுவயது ஆண்களுக்கு ஏறக்குறைய 53, பெண்களுக்கு 34. மேலை நாடுகளில் இளம்பெண்களிடத்து மிகுதியாய்க் காணும் நோயில், இங்கே ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய மூன்று ஆண்கள் நிற்கின்றனர். இதற்குக் காரணம் என்ன? மக்கள் கூட்டத்திற்கு ஏற்ப நோயின் போக்கு மாறுவதுண்டு. பிறப்பியல் வேறுபாடு காரணமாயிருக்கலாம். இந்தியரில் இந்நோய் முதிய ஆண்களையே பெரும்பாலும் பற்றுகின்றது என்பதும் மெய்யாயிருக்கலாம். நாம் அதனை மறுக்க வரவில்லை. ஆனால் இது வீடுவீடாய்ச் சென்று எடுத்த கணக்கன்று. மருத்துவரின் வாயிலுக்கு வந்தவர்களை எண்ணிய கணக்கு. அவ்வாயிலுக்கு ஒருவர் வந்து சேர என்னென்ன வேண்டும்? தமக்கு வந்திருப்பது நோய் என்று முதலில் தாமே நம்ப வேண்டும். வீட்டில் ஒருவராவது நம்ப வேண்டும். ஒரு நாட்கூலியை இழக்க வேண்டும். துணைக்கு வருபவரும் தம் கூலியை இழக்க வேண்டும். இரயிலுக்குப் பணம் வேண்டும். முதலிற் கண்ட மருத்துவர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துத் திருப்பி அனுப்பாமல், நரம்பு மருத்துவரிடம் செல்க என்று சொல்ல வேண்டும். இத்தனையும் கூடிவந்தவர்களே அந்த 841 பேர். மாலையில் இமை தொங்கும் மருமகளுக்காக எத்தனை குடும்பங்கள் இத்தனை பாடுபடும்? கணக்கெடுத்தவர்மேல் குறையில்லை, வந்தவரை எண்ணினர். வாராதவர் எத்தனை பேர் என்னும் கேள்வி நம்மைப் போன்றோர் கேட்க வேண்டிய கேள்வி.

வேலையைப் பற்றிய கணக்கு இதனினும் கசப்பானது. ஜப்பானில் 900க்கு மேற்பட்ட நோயாளிகளைக் கேட்டறிந்து 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நூற்றுக்கு 27 பேர் வேலையை இழந்திருந்தனர். 36 பேருக்கு வருவாய் குறைந்திருந்தது. அவ்வாறு குறைந்தவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் முன்பு பெற்றதில் பாதியோ அதற்கு மேலோ இழந்திருந்தனர். மருத்துவக் காப்பீடு எல்லார்க்கும் அமைந்த நாட்டின் செய்தி இது. அன்றன்று நின்று அன்றன்று பெறும் கூலிக்காரருக்கு இக்கணக்கு என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நாம் ஆலையில் தறியருகே நின்று உழைத்தவர். ஆலையில் சோர்வுக்கு ஒரே பெயர்தான் உண்டு. ஷிப்டின் முதல் இரண்டு மணி நேரத்தில் கை ஓடிய வேகத்தைக் கொண்டே கடைசி இரண்டு மணி நேரத்தையும் மேஸ்திரி அளப்பார். முன்னே செய்தவன் பின்னேயும் செய்ய வல்லவன், செய்யவில்லையென்றால் மனமில்லாதவன். இதுதான் அங்கே வழங்கும் தருக்க சாஸ்திரம். பஞ்சுத்தூசியிலும் வெக்கையிலும் நின்று இழை முடிந்தவர்களுள் எவர் உடலில் என்ன நோய் இருந்ததென்று எவரும் கேட்டதில்லை. கேட்கும் வழக்கமும் இல்லை. சோம்பேறி என்னும் சொல் எங்கிருந்து புறப்பட்டு எங்கே விழுகின்றது என்பதைக் கவனித்ததுண்டா? முதலாளி தொழிலாளியைச் சொல்வார். மாமியார் மருமகளைச் சொல்வார். ஊரார் சேரியைச் சொல்வர். கீழிருந்து மேல்நோக்கி அச்சொல் சென்றதை நாம் கண்டதில்லை. பகலெல்லாம் சாய்வு நாற்காலியில் கிடப்பவருடைய நிலைக்கு ஓய்வு என்று கண்ணியமான பெயர் ஒன்று இருக்கின்றது.

இங்கே ஓர் ஐயம் எழும். தன்மத்தைக் கடைப்பிடிக்கும் நாமே சோம்பலை ஐந்து தடைகளுள் ஒன்றாய் ஓதி வருகின்றோமே, சோர்வைக் கண்டித்தால் என்ன பிழை என்று சிலர் கேட்கலாம். தீனமித்தம் என்று பாலி நூல்கள் கூறுவது உள்ளத்தின் மந்தம். நல்லது இன்னதென்று அறிந்தும் அதனிடத்து மனம் எழாமை அது. அதனை ஒருவன் தன் உள்ளத்தில்தான் காண முடியும். அடுத்தவர் கண்ணிமையில் காண முடியாது. மல்லர்கள் பாவா நகரில் புதிதாய்க் கட்டிய மண்டபத்தில் இரவு நெடுநேரம் அறமுரைத்த பகவன் புத்தர், முதுகு வலிக்கின்றது, சிறிது நீட்டிப் படுக்கின்றேன் என்று சொல்லி, எஞ்சியவற்றை எடுத்துரைக்கும்படி சாரிபுத்தரைப் பணித்ததாய்த் தீக நிகாயத்தில் காண்கின்றோம். போதிசத்துவராய்க் கடும் நோன்பு நோற்ற உடல் அது. அவர் வலியை மறைக்கவில்லை, கேட்டிருந்தோரும் ஐயுறவில்லை.

வினை என்னும் சொல்லையும் இவ்விடத்தில் எடுத்துப் பேசத்தான் வேண்டும். நோயுற்ற பெண்ணிடம் வந்து அமர்ந்து, எந்தப் பிறவியில் என்ன செய்தாயோ என்று பெருமூச்சு விடும் உறவினர் எவ்வூரிலும் உளர். நம்மவர் இல்லங்களிலும் இப்பேச்சு இன்னும் ஒழிந்தபாடில்லை. மோளிய சீவகன் என்னும் பரிவிராசகன் இதே கேள்வியைப் பகவன் புத்தரிடம் கேட்டான். மனிதன் துய்க்கும் இன்பதுன்பம் யாவும் முன்செய்த வினையின் பயனே என்று சிலர் சொல்கின்றனரே, தங்கள் கருத்து யாது என்றான். பித்தத்தாலும், கோழையாலும், வாதத்தாலும், அம்மூன்றும் கூடுவதாலும், பருவ மாற்றத்தாலும், உடலைச் சரிவரப் பேணாமையாலும், பிறர் தாக்குதலாலும், வினைப்பயனாலும் என்று எட்டு வழிகளில் துன்பம் தோன்றும் என்றும், எல்லாமே வினை என்போர் தாமும் அறியாததை, உலகமும் மெய்யென அறியாததைக் கூறுகின்றனர் என்றும் அவர் விடையளித்தார். சம்யுத்த நிகாயத்தில் உள்ள செய்தி இது. எட்டில் ஒன்றாய் வைத்ததை எட்டும் என்று ஆக்கிக்கொண்டது பின்வந்தவர் வேலை. ஏற்பியை அடைக்கும் எதிர்ப்பொருளின் அளவைக் குருதியில் எடுத்துக் காட்டும் இக்காலத்திலும் நோயாளியின் முற்பிறப்பை ஆராய்வோர், பகவரின் விடையைக் கேளாத சீவகர்களே.

இத்தனைக்கும் ஒரு தடைமொழி உண்டு. அதனை மறைத்துவிட்டு மேலே செல்வது முறையன்று. உலகில் மெய்யாகவே சோம்பேறிகள் இல்லையா? வேலைக்கு அஞ்சி நோய் என்று நடிப்போர் இல்லையா? சொன்னவர் சொன்னதையெல்லாம் நம்பினால் நடிப்பவன் பிழைத்துப்போவானே? பிழைத்துப்போவான், உண்மைதான். ஆனால் இரண்டு தவறுகளையும் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். நடிப்பவனை நம்பிவிட்டால் ஒரு நாள் வேலை கெடும். நமக்குச் சிறிது ஏமாற்றம். நோயாளியை நம்பாவிட்டால் என்ன கெடும்? இந்நோயுடையாரில் நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கு ஏதேனும் ஒரு காலத்தில் மூச்சுவிடும் தசைகளும் தளர்ந்து, குழாய் வழியே மூச்சளிக்க வேண்டிய நெருக்கடி வருகின்றது. பெரும்பாலும் நோய் தொடங்கிய முதல் ஓரிரண்டு ஆண்டுகளிலேயே வருகின்றது. நெருக்கடி வரும் அவ்வாண்டுகளே, நோய்க்குப் பெயர் தெரியாமல் சோம்பேறிப் பட்டம் சுமக்கும் ஆண்டுகளும் ஆகும். ஆதலின் இரு தவறுகளும் ஒரே எடையுடையன அல்ல. ஐயத்தின் பயனை எவர் பக்கம் சேர்ப்பது என்பதில் நமக்குக் குழப்பம் இருக்க வேண்டியதில்லை.

சான்று வரட்டும், பிறகு நம்புவோம் என்பாரும் உளர். சான்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. நோய் உடலெங்கும் பரவியோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 85 பேரிடம் முற்கூறிய எதிர்ப்பொருள் குருதியில் தெரிகின்றது. கண்ணளவில் நின்றோரில் ஏறக்குறையப் பாதிப்பேரிடமே தெரிகின்றது. எஞ்சியோர் சோதனையில் ஒன்றும் இல்லை என்னும் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினர். 2001இல்தான், அவர்களுள் ஒரு சாராரிடம் மஸ்க் என்னும் வேறொரு தசைப்பொருளுக்கு எதிரான எதிர்ப்பொருள் உளதென்று கண்டனர். அச்சாராரில் பெரும்பாலோர் பெண்கள். 2001க்கு முன்னும் அவர்களுக்கு அந்நோய் இருந்தது. அதனைக் காணும் சோதனைதான் இல்லாதிருந்தது.

இந்நோய்க்கு முதன்முதல் நல்ல மருந்து கண்டவர் வரலாறு நாம் அறிந்து வைத்துக்கொள்ளத் தக்கது. ஸ்காட்லாந்தில் பிறந்த மேரி வாக்கர் என்னும் பெண் மருத்துவர், இலண்டனின் கிரீனிச் பகுதியில் ஏழையர் விடுதி மருத்துவமனையாய் இருந்துவந்த புனித ஆல்ஃபீஜ் மருத்துவமனையில் உதவி மருத்துவராய் ஊழியஞ் செய்தார். புகழ்பெற்ற பேராசிரியர்கள் உலவும் இடமன்று அது. தசைச்சோர்வு நோயின் குறிகள் குராரே என்னும் அம்பு நஞ்சின் குறிகளை ஒத்திருத்தலைக் கருதி, அந்நஞ்சை முறிக்கும் ஃபைசோஸ்டிக்மினை 56 வயதுள்ள ஒரு பெண் நோயாளிக்கு 1934இல் ஊசி வழியே செலுத்தினார். சிறிது நேரத்தில் தொங்கிய இமை எழுந்தது, விழுங்க முடிந்தது, கை உயர்ந்தது. சில மணி நேரத்தில் மருந்தின் ஆற்றல் தீர்ந்ததும் மீண்டும் தளர்ந்தது. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாய்ப் போலி என்று பெயர் சுமந்த நோய், ஊசியேற்ற எழுந்து, ஊசி தீர விழுந்தது. அம்மருந்து எடுக்கப்பட்ட கொட்டை மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் நாட்டில் விளைவது. அங்கே சூனியக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அக்கொட்டையை அரைத்துக் கொடுத்து, கக்கிப் பிழைத்தால் குற்றமற்றவர், செத்தால் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லி வந்தனர். கொட்டையின் இந்த இரண்டாவது தொழில் அதன் முதல் தொழிலைவிடப் பெரிது என்று நமக்குத் தோன்றுகின்றது. வாக்கருக்கு எடின்பரோப் பல்கலைக்கழகம் 1935இல் பட்டமும் தங்கப் பதக்கமும் தந்தது. எனினும் பெரிய மருத்துவமனை எதுவும் அவரைத் தலைமை மருத்துவராய் அழைத்துக்கொள்ளவில்லை. ஏழையர் மருத்துவமனைகளிலேயே தம் வேலையைச் செய்து முடித்தார்.

இன்று அவ்வழி வந்த பைரிடோஸ்டிக்மின் மாத்திரை உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இருக்கின்றது. எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டு முதலிய மருந்துகளும் உள. நெஞ்செலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியை அறுத்தெடுப்பது தக்கவர்களுக்கு நன்மை தருகின்றது என்பது 2016இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றால் உறுதிப்பட்டது. 2017 முதல் மேலை நாடுகளில் ஒப்புதல் பெற்றுவரும் புதுமருந்துகளின் விலையை இங்கே எழுதி என்ன பயன்? பழைய மருந்துகளைக் கொண்டே பெரும்பாலோர் நெடுங்காலம் வாழ்கின்றனர் என்பதைச் சொன்னால் போதும். தொற்றுநோய் அன்று. தாய்க்கு இந்நோய் இருந்தால் பிறக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு 10 முதல் 20 பிள்ளைகள் சில வாரம் தளர்ந்திருக்கலாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் தீர்ந்ததும் தேறிவிடும். பெண்ணை மணம் பேசும்போது நோயை மறைப்பதும், மணத்துக்குப்பின் தெரிந்ததும் பிறந்த வீட்டுக்கு அனுப்புவதும் இவற்றை அறியாமையால் நிகழ்வன. அறிந்தும் செய்வாரைப் பற்றி இங்கே பேசவில்லை.

அரசின் அளவுகோலிலும் இந்நோய் சரியாய் விழுவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகின்றது. பார்க்கின்சன் நோய் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளது. தசைச்சிதைவு நோயும் குறிக்கப்பட்டுள்ளது. தசைச்சோர்வு நோயின் பெயர் இல்லை; நாட்பட்ட நரம்பியல் நிலை என்னும் பொதுச்சொல்லின் கீழ் வாதாடித்தான் இடம்பெற வேண்டும். சலுகைகள் பெரும்பாலானவற்றுக்கு நூற்றுக்கு 40 பங்கு குறைபாடு வேண்டும். ஒரு நாள், ஒரு மணி நேரத்தில், மேசைக்கு எதிரே நிற்க வைத்து அளக்கும் அளவு அது. காலையில் வரச் சொன்னால் நோயாளி இரவெல்லாம் உறங்கித் தெளிந்த முகத்தோடு போய் நிற்பார். கையை உயர்த்து என்றால் உயர்த்துவார். உயர்த்திய கையை எத்தனை நேரம் நிறுத்த முடியும் என்று கேட்டால்தான் நோய் தெரியும். வறுமையை அளக்கும் அதிகாரி சம்பள நாளன்று வந்து அளந்து போவதை இது ஒக்கும்.

நம் சங்கத்து உபாசகர், உபாசிகைகள் நோயுற்றோர் இல்லங்களுக்குச் சென்று வருவதுண்டு. அவர்களுக்காகச் சிலவற்றைக் குறித்து வைக்கின்றோம். மாலையில் மட்டும் இமை இறங்குகின்றது, பேசப்பேசக் குரல் மங்குகின்றது, உண்ணும்போது பாதியில் தாடை நின்றுவிடுகின்றது என்று எவரேனும் சொன்னால், இயந்திரம் ஒன்றுமின்றியே சிறிது அறியலாம். ஒன்று முதல் ஐம்பது வரை உரக்க எண்ணச் சொல்லுங்கள். இந்நோயுடையார்க்கு எண் ஏற ஏறக் குரல் மூக்கின் வழியாய்த் திரும்பும். தலையை அசைக்காமல் மேல்நோக்கி ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள்; இமை மெல்ல இறங்கும். தொங்கிய இமையை மூடச் செய்து அதன்மேல் துணியிற் சுற்றிய பனிக்கட்டியை இரண்டு நிமிடம் வைத்து எடுத்தால் இமை எழுவதை மருத்துவர்களும் ஒரு சோதனையாய்க் கொள்கின்றனர். இவை நோயை உறுதி செய்யா. இவற்றில் ஒன்றும் தெரியாவிட்டால் நோய் இல்லை என்றும் ஆகாது. நரம்பு மருத்துவர் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்று அவ்வீட்டாரிடம் எடுத்துச் சொல்ல இவை உதவும். மூச்சுத் திணறலோ விழுங்க முடியாமையோ கண்டால் நாளை என்று தள்ளாமல் அன்றே கொண்டு செல்க.

அழைத்துச் செல்வது பெரும்பாலும் காலையில்தான் கூடும். புறநோயாளிச் சீட்டு அப்போதுதான் கொடுப்பர். ஆகவே முந்தின நாள் மாலையில், வேலையெல்லாம் முடித்து அவர் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், அவர் முகத்தைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எடுத்த படம் ஒன்றும் உடனிருக்கட்டும். இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.